கச்சான் காலம் முடியுது: எங்க போன, என்ன வாசிச்ச, என்ன பார்த்த?

கல்லடிக்காரன்

ஆகஸ்ட் முடியப் போகுது, கச்சான் காற்று இன்னும் விட்டபாடில்லை. மத்தியான நேரம் பாலத்தால சைக்கிள்ள வந்து பாருங்க, அடுப்படியில குனிஞ்ச மாதிரி முகத்தில அனல் அடிக்கும். மழைக்கு ஐப்பசி வரையும் பொறுக்கணும். அதுக்கிடையில வழக்கமான இழையைத் தொடங்கிடுவம். இந்தக் கோடையில எங்க போனீங்க, என்ன வாசிச்சீங்க, என்ன பார்த்தீங்க? பிடிக்காததையும் எழுதுங்க. எல்லாரும் "சூப்பர்" எண்டு போட்டுட்டுப் போனா ஆருக்குப் பிரயோசனம்?

எங்கட வீட்டில மூண்டையும் வேணுமெண்டே ஒண்டாச் சேர்த்த. பயணம் பொலன்னறுவை. புத்தகம் பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம், சுழற்காற்று. படமும் அதேதான். மகள் ஓஎல் சோதினை எழுதிப்போட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டு இருக்காள், அவள்தான் படத்தைப் பார்த்துட்டு "இதில வாற இலங்கை எங்க இருக்கு அப்பா?" எண்டு கேட்டவள். சரி, கிட்டப் போயே காட்டுவம் எண்டு காலை உதயதேவி றெயில்ல ஏறின. ஏறாவூர், வாழைச்சேனை, புணானை, வெலிகந்தை, மன்னம்பிட்டி. மகாவலிப் பாலம் தாண்டினா பொலன்னறுவை. மட்டக்களப்பில இருந்து கொழும்புக்குப் போற எல்லாரும் நித்திரையில கடந்து போற ஊர் அது.

எல்லாரும் போற இடம் கல்விகாரை. நாங்களும் போன, அதைப்பற்றிப் புதுசாச் சொல்ல ஒண்டுமில்லை. ஆனா கொஞ்சம் ஒதுக்குப்புறமா, பபளு விகாரைக்கு அங்கால, வானவன்மாதேவி ஈச்சரம் எண்ட சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கு. பலகையில "சிவ தேவாலய இல. 2" எண்டு மட்டும் போட்டிருப்பாங்க. முழுக்கக் கல். பெரிய கோயில் இல்லை, எங்கட மாமாங்கத்து உள்வீதிக்குள்ள வைச்சாலும் இடம் மிஞ்சும். உள்ள லிங்கம் இருக்கு, ஆரோ அண்டைக்குக் காலையில வைச்ச செவ்வரத்தம்பூ அதுக்கு மேல. சுவரில தமிழ் எழுத்து. மகள் விரலை வைக்காமக் கிட்டப் பிடிச்சு ஒவ்வொண்டாத் தேடினாள். "ம" பிடிபட்டது, "ன" பிடிபட்டது, மிச்சம் பிடிபடல்ல. ஆயிரம் வருசத்துக்கு முந்தின எழுத்து, அவ்வளவு பிடிபட்டதே பெரிய விசயம்.

இனி அந்தப் படத்தோட என்ட சண்டை. படப்பிடிப்பைத் தொடங்கினதே தாய்லாந்துக் காட்டில, 2019 டிசம்பரில. கல்கி கதை எழுத முந்தி இலங்கைக்கு வந்து பார்த்துட்டுப் போனவர். கெமரா மட்டும் வரல்ல. யோசிச்சுப் பார்த்தா இது பொன்னியின் செல்வனோட நிக்கிற கதை இல்லை. கிழக்கு மாகாணம் புத்தகத்தில நிறைய இருக்கு, திரையில இல்லவே இல்லை. இந்தக் கோடையில எனக்குப் பட்டது இதுதான். மறுக்கிறவங்க வாங்க.

---

சுவடி

தம்பி, கோயிலைப் பற்றி எழுதியதற்கு நன்றி. பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதையையும் கோயிலையும் ஒரே காலத்தில் வைத்துப் பிள்ளைக்குக் காட்டக் கூடாது. கதை சுந்தர சோழர் நோயாய்க் கிடந்த காலத்தில் நடக்கிறது, அதாவது பத்தாம் நூற்றாண்டு. அருள்மொழி அதில் இளவரசன். அவரே இராஜராஜனாக முடிசூடியது 985இல். 993 அளவில்தான் சோழர் அனுராதபுரத்தை வீழ்த்திப் பொலன்னறுவைக்குத் தலைநகரை மாற்றி, ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். கல்கியின் வந்தியத்தேவன் அலைவது மாதோட்டம், தம்பள்ளை, அனுராதபுரம் பக்கம். அப்போது அந்தக் கோயில் இல்லை.

வானவன்மாதேவி யார் என்பதிலும் குழப்பம் உண்டு. இராஜராஜனின் தாய்க்கும் அந்தப் பெயர், இராஜேந்திரனைப் பெற்ற தேவிக்கும் அந்தப் பெயர். கோயில் இராஜேந்திரன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதால் இரண்டாமவர் பெயரில் எழுந்தது என்று கொள்வோரே அதிகம். அப்படிப் பார்த்தால் கதையில் பூங்கொத்துப்போல மயங்கி மயங்கி விழும், பின்னாளில் அருள்மொழியை மணக்கும் வானதிதான் அந்தக் கோயிலுக்குரியவள். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள், சிரிப்பாள்.

இராஜேந்திரன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது 1017. முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தியது 1070. ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகள் அந்த நகரம் சோழர் தலைநகர். படத்துக்கு வேண்டிய கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது, சுழற்காற்றில் அல்ல.

---

கல்லடிக்காரன்

சேர், கோயில் கதையில வருது எண்டு நான் சொல்லவேயில்லையே! ரெண்டும் கிட்ட இருக்கு எண்டுதான் சொன்ன. வானதி விசயம் மகளுக்கு வாசிச்சுக் காட்டின, நீங்க சொன்ன மாதிரியே சிரிச்சாள்.

---

மருதூர் ராத்தா

தம்பி, நான் எங்கயும் போகல்ல. உம்மாக்குச் சுகமில்லை, சாய்ந்தமருது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமே கோடை போய் முடிஞ்சி. ஆனா வாசிச்சன். விமல் குழந்தைவேல்ர கசகறணம், ரெண்டாம் தரம். முதல் வாசிக்கக்குள்ள அவதிப்பட்டு முடிவைத் தேடி ஓடினன், இப்ப ஆறுதலா வாசிச்சன்.

அக்கரைப்பற்றுச் சந்தையில தமிழ் மனிசியும் முஸ்லிம் மனிசியும் கதைக்கிற கதையை அப்பிடியே எழுதி வச்சிரிக்காரு. மறுகா அந்த உறவு எப்பிடி முறிஞ்ச எண்டுற கதை. ரெண்டு பக்கத்தாரும் கதைக்கிற தமிழுக்கு நடுவுல எவ்வளவு சின்ன வித்தியாசம் இரிக்கி எண்டு அதை வாசிச்சாத்தான் தெரியும். வெளியூர் ஆக்களுக்கு வாசிக்கக் கஷ்டமாம். இரிக்கட்டும். நாங்க எத்தனை வருசமா மதுரைத் தமிழையும் கோயம்புத்தூர்த் தமிழையும் அகராதி இல்லாம வாசிச்சி வாறம்!

கல்லடிக்காரன் சொன்னதுல பாதி சரி. திரையில இலங்கைத் தமிழ் இரிக்கி, ஆனா அது யாழ்ப்பாணத்துத் தமிழ். 2000த்துல தெனாலி. இப்ப 2025ல டூரிஸ்ட் ஃபேமிலி. நல்ல படம், குறை சொல்லேல்லை, உம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தம். தங்கட தமிழாலயே பிடிபட்டிருவம் எண்டு பயந்து பயந்து மெட்ராஸ்ல இரிக்கிற குடும்பம். சசிகுமார் வாயைத் திறக்கிறத்துக்கு முந்தி ஒரு நொடி யோசிப்பாரு, அந்த இடம் எனக்குப் பிடிச்ச. ஆனா உம்மா பாதிப் படத்துல கேட்டா, "இவங்க எல்லாம் ஏன் ஒரே மாதிரிக் கதைக்கிறாங்க, எங்கட ஆக்கள் ஒருத்தரும் தோணி ஏறல்லயா?" எண்டு. அதுக்கு நான் என்ன சொல்ல?

---

படுவான்கரைப் பெடியன்

ராத்தா, உம்மாக்கு இப்ப எப்பிடி?

நான் கோடை முழுக்க வயல் வட்டைக்குள்ள. சிறுபோகம் வெட்டு முடிஞ்சதே போன கிழமைதான். பயணம் எண்டா உன்னிச்சைக் குளம் வரையும் போய்த் தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு பார்த்துட்டு வந்த பயணம்தான். அதையும் கணக்கில எடுங்க. குளத்தில தண்ணி குறையிற நேரம் எங்களுக்கு அதைவிடப் பெரிய படம் கிடையாது.

வாசிச்சது நீலாவணன்ர வேளாண்மை. மாமாட அலுமாரியில கிடந்தது. அவர் 1975ல செத்தவர், புத்தகம் 1982லதான் வந்தது. பெரியநீலாவணைக்காரர், வெள்ளாமை செய்யிற குடும்பங்கள்ர கதையைக் காவியமாப் பாடியிருக்கார். பரண்ல யானைக் காவலுக்குப் படுத்துக்கொண்டு ரோச் வெளிச்சத்தில வாசிச்ச. அதில வாற களவெட்டி எண்ட நெல்லுக்களம், குவிச்ச சூடு, அதை மிதிக்கேக்க பாடுற பொலிப்பாட்டு ஒண்டும் இப்ப இல்லை. மெசின் வருது, ஏக்கருக்கு இவ்வளவு எண்டு காசை வாங்குது, பின்னேரத்துக்குள்ள நெல்லு சாக்கில. நான் இதுக்கு அழல்ல. முதுகு முறிய வெட்டினது அப்பாதான், அவரைக் கேட்டா மெசினைக் கும்பிடுவார். ஆனா அந்தப் பாட்டை அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்துட்டு ரெண்டு இடத்தில "இது இப்பிடி இல்லை, எங்கட பக்கம் வேற மாதிரிப் பாடுற" எண்டு திருத்தினார்.

மறுகா, திரையில கிழக்கு இல்லையெண்டு சொல்றீங்களே, நான் போன்ல பார்த்தது முழுக்கக் கிழக்குத்தான். கூத்து. வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு வகையும் முழு இரவு ஆட்டம், ஊர்ப் பெடியனுகள் எடுத்து யூடியூப்பில போட்டிருக்கானுகள். எங்கட ஊர் அரங்கேற்றமும் இருக்கு. கொழும்பில வேலை செய்யிறவன், கட்டாருக்குப் போனவன் எல்லாம் கீழ வந்து "அண்ணாவியாருக்கு ஒரு கும்பிடு" எண்டு கூத்துப் பழக்கினவருக்கு எழுதிக்கிடக்கு. இது திரை இல்லையா?

---

கல்லடிக்காரன்

@படுவான்கரைப் பெடியன் நல்ல கேள்வி. ஆனா அது கூத்தை எடுத்த வீடியோ, படம் இல்லையே. கெமராவைக் கொண்டுபோய் ஒரு மூலையில நட்டுட்டு விடிய விடிய ஓட விடுறது. நான் ஒண்டைப் பார்க்கத் தொடங்கி அரை மணித்தியாலத்தில விட்டுட்டன்.

---

சுவடி

இருவரும் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் காரணம் கெமராவின் திறமையில் இல்லை. கூத்துக் களரி வட்டம். சுற்றிவரச் சனம் இருக்கும், அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் நடுவில். ஆடுபவர் எல்லாப் பக்கத்துக்கும் ஆடுவார். அதை ஒரு மூலையில் நின்று எடுத்தால் பாதி நேரம் முதுகைத்தான் பார்ப்பீர்கள். கூடைபோல் விரிந்த கரப்புடுப்போடு சுற்றி ஆடும் வடமோடி அரசனின் வேகம் எதிரே வரும்போது ஒன்று, விலகிப் போகும்போது இன்னொன்று. வட்டத்தில் இருப்பவருக்கு இரண்டும் கிடைக்கும்.

இதே பிரச்சினையைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சந்தித்தார். மட்டக்களப்புக் கூத்தை ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோக வேண்டும், விடியவிடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்க வேண்டும், ஆட்டத்தை ஒரு பக்கம் பார்த்து இருக்கும் சனத்துக்குத் திருப்ப வேண்டும். கர்ணன் போர் 1962, இராவணேசன் 1964. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் பின்னாள் பேராசிரியர் மௌனகுரு. சுருக்கியதால் கூத்துக் கெட்டது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். நான் சுருக்கியதன் பக்கம். முழு இரவுக் கூத்து ஊரில் இருக்கட்டும். ஆனால் வெளியே போவதற்கு அதற்கென்று ஒரு வடிவம் வேண்டும், மேடைக்கு அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். கெமராவுக்கு இன்னும் யாரும் செய்யவில்லை.

---

படுவான்கரைப் பெடியன்

சேர், முதுகைப் பார்க்கிறதிலயும் ஒரு வடிவு இருக்கு. எங்கட சின்னப் பெடியன் ஒருத்தன் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் தாளக்கட்டுப் பழகுறான். கால் எப்பிடித் திரும்புது எண்டு முதுகுப் பக்கத்திலதான் தெளிவாத் தெரியுதாம். ஒண்டரை மணித்தியாலக் கூத்து படிச்ச ஆக்களுக்கு. இது பழகிறவனுக்கு.

---

ஸ்காபறோ மட்டு

வணக்கம் எல்லாருக்கும். நான் யூலையில வந்து இப்பதான் திரும்பிப் போன ஆள். பிள்ளைகளோட முழுக்கக் கிழக்கிலயே நிண்டது இதுதான் முதல் தரம். அதுக்கு முந்தி வந்தா யாழ்ப்பாணம், கொழும்பு, கலியாண வீடு, முடிஞ்சுது.

வான் பிடிச்சு ஏ4 றோட்டால தெற்க போன. களுவாஞ்சிக்குடி, கல்லாறு, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். மட்டக்களப்பில இருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலதான். ஆனா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், நடுவில ஒவ்வொரு ஊரிலயும் நிண்டு சாப்பிட்டு... பின்னேரம் ஆயிட்டுது. அறுகம் குடாவில பிள்ளைகள் சேர்ஃப் பழகினதுகள். எங்களுக்குக் கச்சான் வேதனை, அவங்களுக்கு அது வரம். தென்மேல் காற்று மழையெல்லாத்தையும் மலைக்கு மேற்க கொட்டிப்போட்டுக் காய்ஞ்சு கிழக்க வாறதால இந்த மாதங்களில இங்க வானம் வெளிச்சு. பாசிக்குடாப் பக்கம் கடல் அலையே இல்லாமக் கிடக்கு. அறுகம் குடா முனையில மட்டும் தெற்க இருந்து வாற அலை ஒழுங்கா உருண்டு வருது. சித்திரை பிறந்தா ஐப்பசி வரைக்கும் உலகம் முழுக்க இருந்து வந்து அதுக்குத்தான் கிடக்கினம்.

அங்க கடைகளில ஒரு விசயம் கவனிச்ச. பலகை வாடகைக்குக் குடுக்கிற பெடியன், சேர்ஃப் சொல்லிக் குடுக்கிற பெடியன், எல்லாம் பொத்துவில் ஆக்கள். இங்கிலீசு, கொஞ்சம் இத்தாலியன், கொஞ்சம் ஹீப்ரு கதைக்கிறானுகள். அவனுகள்ர போன்ல உலகத்து ஆக்கள் எடுத்த சேர்ஃப் வீடியோ எவ்வளவு! கல்லடிக்காரன் சொல்ற மாதிரி கெமரா கிழக்குக்கு வராம இல்லை, வருது. அலையை எடுத்துட்டுப் போகுது. கரையில நிக்கிறவனை எடுக்கிறதில்லை.

மறுகா உகந்தை முருகன் கோயிலுக்கும் போன. கதிர்காமம் பாதயாத்திரை ஆக்கள் கொடியேற்றத்துக்கு முந்திக் காட்டுப் பாதை திறக்கிறதுக்கு அங்கதான் காத்துக் கிடப்பினம், நாங்க போகேக்க அவையெல்லாம் நடந்து போயிட்டினம். பாறையும் கடலும் முருகனும், ஒரு தேத்தண்ணிக் கடையும். பெரியம்மா ஒருத்தி சொன்னா, தான் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில இருந்து நடந்து வந்து இங்க கால் வீங்கி நிண்டுட்டாவாம். வாற வருசம் மிச்சத்தை நடப்பாவாம். பாதியில விட்ட தொடர் நாடகம் மாதிரிக் கதைச்சா.

படம்: மெய்யழகன். 2024ல வந்தது, எங்கட பெரியப்பா வீட்டு விறாந்தையில எல்லாரும் இருந்து பார்த்த. வந்தியத்தேவனா வந்த கார்த்திதான் இதிலயும், எதிரில இருக்கிற அரவிந்த்சாமிக்குப் பேர் அருள்மொழி, அதால இந்த இழைக்குப் பொருத்தம்! ஊரை விட்டுப் போனவன் ஒரு கலியாணத்துக்குத் திரும்பி வாறான், தன்னை இவ்வளவு அன்பா உபசரிக்கிறவன்ர பேர் நினைவில்லை. அதுதான் கதை, ஒரு இரவு. நீளம் எண்டு சொல்லி வெளியிட்ட பிறகு பதினெட்டு நிமிசம் அளவில வெட்டினவங்கள். எனக்கு நீளமாத் தெரியல்ல. பெரியப்பா வீட்டில எனக்குச் சோறு போட்ட ரெண்டு பேரின்ர பேர் எனக்கும் தெரியாது. கேக்க வெக்கம், மனிசி மூலமாக் கேட்டு எடுத்த.

---

மருதூர் ராத்தா

@ஸ்காபறோ மட்டு "அலையை எடுத்துட்டுப் போகுது" எண்டது சரியான கதை. நிந்தவூர்ல நிண்டு என்ன சாப்பிட்டீங்க? அதைச் சொல்லாம ஊர்ப்பேரை மட்டும் அடுக்கினா எப்பிடி?

@படுவான்கரைப் பெடியன் உம்மாக்கு இப்ப பரவால்லை தம்பி, துஆ செய்யுங்க. உங்கட வாப்பா பாட்டைத் திருத்தின கதையை உம்மாட்டச் சொன்னன். அவக்கும் வெள்ளாமைக் கவி கொஞ்சம் பாடம். அனார் தொகுத்த பொடுபொடுத்த மழைத்தூத்தல் வீட்டுல இரிக்கி, கிழக்குல ஆக்கள் பாடுற நாட்டார் பாட்டு. அதுல ஒண்டை வாசிச்சன், அவ அடுத்த அடியைப் புத்தகத்துல இல்லாத மாதிரிப் பாடினா. ரெண்டு பேரையும் ஒரு இடத்துல இருத்திப் பாட விட்டா வீடியோ எடுக்கலாம், ஒண்டரை மணித்தியாலமும் வேணாம்.

---

ஒலுவில் காற்று

நான் கம்பஸ்ல படிக்கிற ஆள், பெரியவங்க நடுவுல வாறன். புணானை எண்டு கல்லடிக்காரன் அண்ணன் ஸ்டேசன் பேரைச் சொல்லிட்டுச் சும்மா கடந்து போயிட்டாரு. அது எவ்வளவு பெரிய கதை!

1924 அளவில அந்தக் காட்டுல ஒரு சிறுத்தை ஆக்களைத் தின்னத் தொடங்கின. சாதாரணமா இலங்கைச் சிறுத்தை மனிசரைத் தின்னாது, அதாலதான் அது அவ்வளவு பேச்சானது. குறைஞ்சது பன்னிரண்டு பேர் செத்ததாச் சொல்றாங்க. கடைசியில ஷெல்டன் ஏகர் எண்ட வெள்ளைக்காரத் தோட்டத்துரை சுட்டாரு. பஞ்சடைச்ச உடம்பு கொழும்பு மியூசியத்துல இன்னும் இரிக்கி, நான் ஸ்கூல் ட்ரிப்ல பார்த்தன். எதிர்பார்த்ததை விடச் சின்னது, சிறுபிள்ளையில ஏமாந்துட்டன்! இந்தச் சிறுத்தைப் பேரையே தலைப்பா வச்சி கிறிஸ்டோபர் ஒண்டாச்சி 1992ல இங்கிலீசுல புத்தகம் எழுதினாரு. கவிஞரும் நாவலாசிரியருமான மைக்கல் ஒண்டாச்சிட அண்ணன் அவர். அதைத்தான் இந்த லீவுல வாசிச்சன். தலைப்பைப் பார்த்து வேட்டைக் கதை எண்டு எடுத்தன், ஆனா பெரும்பகுதி அவர் கன காலத்துக்குப் பிறகு, சண்டை நடக்கிற நேரம், நாட்டுக்குத் திரும்பி வந்து வாப்பாவைத் தேடுற கதை. சிறுத்தை கொஞ்சம்தான். எனக்கு வாப்பா பகுதி அலுத்துப் போச்சி, உண்மையைச் சொல்லணும். சிறுத்தைக்காகக் கடைசி வரை இழுத்தன்.

படம் எடுக்கிறதெண்டா இதை எடுங்க. ரயில் பாதை போட்ட காலம், காடு, கூலிக்கு வந்த ஆக்கள், ராவுல வண்டில்ல போறவங்க. தாய்லாந்துக்குப் போகவும் தேவையில்லை.

---

கல்லடிக்காரன்

தம்பி, பிரமாதம். ஆனா கதையை வெள்ளைக்காரத் துரை பக்கம் நிண்டு எடுக்கப்படாது. செத்தவங்க வண்டிலோட்டிகள், காட்டில வேலை செஞ்சவங்க. துரை கடைசி இருவது நிமிசம் வந்தாக் காணும்.

@ஸ்காபறோ மட்டு அண்ணன், கரையில நிக்கிறவனை எடுக்கிறதில்லை எண்டதோட நான் ஒத்துப் போறன், ஆனா அது என்ட கட்சிக்குத்தான் ஆதரவு, எதிர்ப்பில்லை.

---

ஸ்காபறோ மட்டு

நிந்தவூரில கொத்து, மாட்டிறைச்சி. அக்கரைப்பற்றில திரும்பவும் கொத்து, பிள்ளைகளுக்கு அதைத் தவிர ஒண்டும் இறங்கல்ல. கல்லாற்றில மட்டும் எனக்காக வானை நிப்பாட்டிச் சட்டித் தயிரும் கித்துள் பாணியும். திருக்கோவில்ல சாப்பிடல்ல, கோயிலுக்கு முன்னால கடலைப் பார்த்துக்கொண்டு இருந்த.

ஒரு உதவி. பிள்ளைகள் "மட்டக்களப்பு எண்டா என்ன" எண்டு கேக்குதுகள், எனக்கே முழுக்கத் தெரியாது. ஒரே புத்தகத்தில ஊர், கோயில், கூத்து, பாட்டு எல்லாம் இருக்கிற ஒண்டு சொல்லுங்க. கனடாவில எடுக்கிற மாதிரி.

---

சுவடி

பண்டிதர் வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், 1964. நீங்கள் கேட்ட எல்லாமே அதில் இருக்கிறது. நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள், காசு வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வரலாற்றுப் பகுதியில் தொடங்க வேண்டாம், அது வளர்ந்தவர்களுக்கே மெல்ல நேரம் எடுக்கும். நாட்டார் பாட்டுகளில் தொடங்குங்கள், வரலாறு பிறகு.

---

படுவான்கரைப் பெடியன்

சேர், அதில எங்கட பக்கத்துப் பொலிப்பாட்டு இருக்கா? அப்பா கேக்கிறார். இருந்தா பக்க நம்பரைப் போடுங்க. நான் போன்ல திறந்து அவருக்குக் காட்டணும், அவர் அதையும் திருத்துறதுக்கு.

---

மருதூர் ராத்தா

எனக்கும் போடுங்க சேர். உம்மா முழிச்சிட்டா.